கூடத்துக்கு வந்த உடற்பயிற்சிக் கூடம்

வீட்டு உடற்பயிற்சி வீடியோவில் பயிற்றுநர் தம் மாணவரை ஒருநாளும் பார்ப்பதில்லை. நேரடி வகுப்பில் ஒருவருடைய முதுகு கூனியிருந்தால் ஆசிரியர் அருகில் போய் நிமிர்த்துவார். முகம் வெளிறினால் உட்காரச் சொல்வார். வீடியோவில் அதற்கு வழியில்லை. எந்த நிமிடத்தில் தொடை நடுங்கும், எங்கே மூச்சு முட்டும், எப்போது மாணவர் விட்டுவிட்டு உட்காரப் பார்ப்பார் என்பதையெல்லாம் முன்கூட்டியே கணித்து, அந்தந்த நொடிக்கு உரிய சொல்லைப் பதிந்து வைக்க வேண்டும். இன்னொரு சிக்கலும் உண்டு. பதிவு மாறாது, உடம்பு மாறும். முதல் வாரம் பாதியிலேயே நிறுத்தவைத்த வீடியோ இரண்டு மாதத்தில் பழகிப்போகும். அப்போது அதைவிடக் கடினமான ஒன்று தேவைப்படும். இந்த இரண்டு சிக்கல்களுக்கும் விடை தேடித்தான் இந்தத் தொழில் அமெரிக்காவில் வளர்ந்து, அங்கிருந்து பிற நாடுகளுக்குப் பரவியது.

படத்துக்கு முன்பே குரல் வந்துவிட்டது. யேல் பல்கலைக்கழகத்தில் அமெரிக்கக் கால்பந்தை வளர்த்தெடுத்த வால்டர் கேம்ப், முதல் உலகப் போரின்போது கடற்படை வீரர்களுக்காகப் பன்னிரண்டு எளிய அசைவுகளைத் தொகுத்தார். 'டெய்லி டசன்' என்ற அந்தத் தொகுப்பு 1920களில் கிராமபோன் இசைத்தட்டாக வெளிவந்து வீடுகளுக்குள் நுழைந்தது. 1925இல் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் ஆயுள் காப்பீட்டு நிறுவனம் காலை நேர வானொலி உடற்பயிற்சியைத் தொடங்கியது. ஆர்தர் பேக்லி பியானோ இசைக்கு ஏற்ப எண்ணிச் சொல்ல, கேட்பவர்கள் வீட்டில் கையையும் காலையும் அசைத்தார்கள். மக்கள் நீண்ட நாள் வாழ்ந்தால் காப்பீட்டு நிறுவனத்துக்கு நேரடி ஆதாயம். அதனால் செலவை அதுவே ஏற்றது. இதைக் கண்டு வந்த ஜப்பான் அஞ்சல் காப்பீட்டுத் துறையினர் தங்கள் நாட்டிலும் அதைத் தொடங்கினர். 1928 நவம்பர் 1 அன்று ஒலிபரப்பான 'ராஜியோ தைசோ' போருக்குப் பின் சில காலம் நின்று, 1951இல் புதிய வடிவில் திரும்பி, இன்றுவரை தொடர்கிறது.

குரலை மட்டும் கேட்டுச் செய்யும் பயிற்சிக்கு ஓர் எல்லை இருந்தது. சொன்ன மாத்திரத்தில் புரியக்கூடிய அசைவுகளையே தர முடியும்: கையை உயர்த்துவது, இடுப்பை வளைப்பது, நின்ற இடத்தில் நடப்பது. உடம்பை வருத்தும் பயிற்சிக்குச் செய்து காட்டுபவர் ஒருவர் கண் முன்னே நிற்க வேண்டியிருந்தது.

அப்படி முதலில் நிலைத்து நின்றவர் ஜாக் லலேன். 1914இல் சான் பிரான்சிஸ்கோவில் பிறந்த அவர், 1936இல் ஓக்லாந்தில் உடற்பயிற்சிக் கூடம் திறந்தார். எடை தூக்கினால் இதயம் கெடும், உடம்பு இறுகிப்போகும் என்று மருத்துவர்களே எச்சரித்த காலம் அது. 1951இல் சான் பிரான்சிஸ்கோவின் உள்ளூர் தொலைக்காட்சியில் அவர் நிகழ்ச்சி தொடங்கியது. 1959 முதல் நாடு முழுக்கச் சென்று, 1985 வரை நீடித்தது. காலையில் தொலைக்காட்சி முன் இருப்பவர்கள் பெரும்பாலும் குழந்தைகள் என்று கண்ட லலேன், வெள்ளை நிற ஜெர்மன் ஷெப்பர்ட் நாயொன்றைக் காட்டி அவர்களைப் பிடித்து வைத்துக்கொண்டு, "போய் அம்மாவைக் கூட்டி வாருங்கள்" என்பார். அம்மா வந்ததும் பாடம் தொடங்கும். அவருக்கு வேண்டிய முக்கியக் கருவி ஒரு நாற்காலி. அதைப் பிடித்துக்கொண்டு காலைத் தூக்கலாம், அதன்மேல் கையூன்றித் தண்டால் எடுக்கலாம், உட்கார்ந்து எழலாம். பின்னணியில் ஆர்கன் இசை ஒலிக்கும். உடம்போடு ஒட்டிய ஜம்ப்சூட் அணிந்து, கேமராவை நேராகப் பார்த்து, எதிரே ஒரே ஒருவர் நிற்பதுபோல் பேசுவார். பின்னால் வந்த ஒவ்வொரு பயிற்றுநரும் அறிந்தோ அறியாமலோ கடைப்பிடித்தது இந்தப் பேச்சு முறையைத்தான்.

அவருடைய நிகழ்ச்சி எளிதுதான். ஆனால் அவர் தம் உடம்பை எளிதாக நடத்தவில்லை. 1974இல், 60 வயதில், கைவிலங்கும் கால் தளையும் பூட்டியபடி, 1,000 பவுண்டு எடையுள்ள படகை இழுத்துக்கொண்டு அல்கட்ராஸ் தீவிலிருந்து கரைக்கு நீந்தினார். 70 வயதில் லாங் பீச் துறைமுகத்தில் ஆட்கள் அமர்ந்த 70 படகுகளை அதே விதமாக இழுத்தார். சொல்பவர் அதற்கு மேலும் செய்யக்கூடியவர் என்ற நம்பிக்கை, பயிற்றுநருக்கு வேண்டிய முதல் மூலதனம். 2011இல், 96ஆம் வயதில், லலேன் காலமானார்.

1960இல் டெபி டிரேக் அமெரிக்கத் தொலைக்காட்சியில் நாள்தோறும் உடற்பயிற்சி கற்பித்த பெண்ணாகப் புகழ்பெற்றார். பிரிட்டனில் ஐலீன் ஃபௌலர் 1950களில் பிபிசி வானொலியின் அதிகாலைக் குரலாக இருந்தார். 1970இல் சின்சினாட்டியிலிருந்து லிலியஸ் ஃபோலன் பொதுத் தொலைக்காட்சி வழியே யோகாசனத்தை அமெரிக்க வீடுகளுக்குள் கொண்டுசென்றார். மென்மையான குரலில், அவசரமில்லாமல் பேசும் யோகா ஆசிரியை என்ற வார்ப்பு அவரிடம் தொடங்கியது.

மூச்சு வாங்கச் செய்யும் பயிற்சிக்கு அறிவியல் ஒப்புதல் கிடைத்தது 1968இல். அமெரிக்க விமானப் படை மருத்துவர் கென்னத் கூப்பர் அந்த ஆண்டு வெளியிட்ட 'ஏரோபிக்ஸ்' நூல், இதயத்தையும் நுரையீரலையும் தொடர்ந்து உழைக்கவைப்பதே உடல்நலத்தின் அடிப்படை என்று வாதிட்டது. மறு ஆண்டே இருவர் அதை நடனத்தோடு இணைத்தனர். ஜாக்கி சோரன்சன் போர்ட்டோ ரிக்கோவின் விமானப் படைத் தளத்தில் வீரர்களின் மனைவியருக்கு ஏரோபிக் நடனம் கற்பித்தார். ஜூடி ஷெப்பர்ட் மிசட் சிகாகோ அருகே ஜாஸ் நடன வகுப்பு நடத்திக்கொண்டிருந்தார். மேடையேற விரும்பாத பெண்கள் ஏன் வகுப்பை விட்டுப் போகிறார்கள் என்று யோசித்தவர், அவர்களைக் கண்ணாடிக்கு முதுகு காட்டி நிற்கவைத்தார். பிழையைக் காட்டும் கண்ணாடிக்குப் பதில், நன்றாக ஆடும் ஆசிரியை மட்டுமே அவர்கள் கண்ணில் பட்டார். 'ஜாஸர்சைஸ்' பிறந்தது அப்படி. வீட்டில் தொலைக்காட்சி முன் நிற்பவரின் நிலையும் இதேதான்: அவர் கண்ணில் ஆசிரியர் மட்டும், அவரை யாரும் பார்ப்பதில்லை. வெட்கப்பட்டுக்கொண்டு உடற்பயிற்சிக் கூடத்தின் வாசல் மிதிக்காத பலருக்கு இது பெரிய விடுதலை.

சோனியின் பீட்டாமேக்ஸ் 1975இலும், ஜேவிசியின் விஎச்எஸ் 1976இலும் சந்தைக்கு வந்தன. தொடக்கத்தில் வீடியோ கேசட் என்றால் வாடகைக்கு எடுத்துப் பார்த்துத் திருப்பிக் கொடுக்கும் சினிமா. சொந்தமாக விலை கொடுத்து வாங்க யாருக்கும் காரணமில்லை. அந்தக் காரணத்தை உண்டாக்கியவர் நடிகை ஜேன் ஃபோண்டா.

'சைனா சிண்ட்ரோம்' படப்பிடிப்பில் காலெலும்பு முறிந்ததால் அவரால் வழக்கமான பாலே பயிற்சியைத் தொடர முடியவில்லை. லெனி கஸ்டன் என்ற ஆசிரியையின் வகுப்பில் சேர்ந்தவர், அந்த முறையை அடிப்படையாகக் கொண்டு 1979இல் பெவர்லி ஹில்ஸில் தமது பயிற்சிக் கூடத்தைத் திறந்தார். கணவர் டாம் ஹேடனோடு சேர்ந்து நடத்திய அரசியல் அமைப்புக்கு நிதி திரட்டுவதும் நோக்கங்களில் ஒன்று. கஸ்டனின் பங்கு வெளியே அதிகம் தெரியாமல் போனது வருந்தத்தக்கது. ஃபோண்டாவின் பெயரில் உலகம் அறிந்த அசைவுகளுக்கு முதல் வடிவம் தந்தவர் அவர். 1981இல் வந்த நூல் விற்பனையில் முதலிடம் பிடித்தது. ஸ்டூவர்ட் கார்ல் என்ற வீடியோ வெளியீட்டாளரின் மனைவிக்கு அந்த நூலைப் படமாக்கலாம் என்று தோன்றியது. ஃபோண்டா முதலில் தயங்கினார். அன்று வீடியோ கருவி வைத்திருந்தவர்கள் மிகச் சிலர். சிட்னி கலன்டி இயக்கத்தில், சுமார் 50,000 டாலர் செலவில் எடுக்கப்பட்ட 'ஜேன் ஃபோண்டாஸ் ஒர்க்கவுட்' 1982 ஏப்ரலில் 59.95 டாலர் விலையில் வெளியானது.

தினமும் செய்ய வேண்டிய பயிற்சியைத் தினமும் வாடகைக்கு எடுக்க முடியாது. அதனால் மக்கள் கேசட்டை வாங்கினார்கள். கேசட்டைப் போட்டுப் பார்க்கக் கருவியையும் வாங்கினார்கள். ஃபோண்டாவின் வீடியோக்கள் மொத்தத்தில் 1.7 கோடிப் பிரதிகள் விற்றதாகக் கணக்கிடப்படுகிறது. 1980களின் இறுதியில் அமெரிக்க வீடுகளில் பாதிக்கு மேல் வீடியோ கருவி இருந்ததற்குப் பல காரணங்கள் உண்டு. இந்தக் கேசட்டும் அவற்றில் ஒன்று.

அந்த முதல் கேசட்டிலேயே தொடக்கநிலைப் பகுதியும் கடினமான பகுதியும் தனித்தனியாக இருந்தன. தொடை எரிய எரியக் காலைத் தூக்கவைத்து, அந்த எரிச்சலை அனுபவிக்கச் சொன்னார் ஃபோண்டா. வலியைத் தாங்குவது பெருமை என்ற பேச்சு பெண்களுக்கான பயிற்சிக்குள் இவ்வளவு வெளிப்படையாக வந்தது அப்போதுதான். அது சிலருக்குத் தீங்கும் செய்தது. ஆனால் பெண் வியர்ப்பதும் மூச்சிரைப்பதும் அழகுக்கு இழுக்கு என்று எண்ணிய சமூகத்தில், வியர்வை வழிய ஒரு நட்சத்திரம் திரையில் நின்றது சிறிய காரியமல்ல. 1983இல் கருவுற்றோருக்கான கேசட்டும், முன்னதை முடித்தவர்களுக்கான 'ஒர்க்கவுட் சேலஞ்ச்' கேசட்டும் வந்தன. பழகிப்போன உடம்புக்கு அடுத்த படி என்ற வணிக முறை அங்கேயே தொடங்கிவிட்டது.

ஃபோண்டாவின் வெற்றிக்குப் பின் சந்தை நிரம்பியது. பெயர்களைவிட, ஒவ்வொருவரும் எந்த வகைக் கடினத்தைக் கற்பித்தார்கள் என்று பார்ப்பதே பயனுள்ளது. கடினம் என்பது ஒன்றல்ல. மூச்சை வாங்கும் கடினம் ஒன்று. தசையைத் தளரவைக்கும் கடினம் வேறு. அசையாமல் நிற்கும் கடினம் வேறு. காலடிகளை நினைவில் வைப்பதன் கடினம் இன்னும் வேறு.

தசைக் கடினத்தின் தலைநகரம் தென் கரோலினாவின் கொலம்பியா. ஆனா பென்சன், சிந்தியா பென்சன் என்ற சகோதரிகள் அங்கே நடத்திய கூடத்திலிருந்து 1986இல் 'தி ஃபர்ம்' வீடியோ வரிசை புறப்பட்டது. துள்ளிக் குதிக்கும் ஏரோபிக்ஸ் ஒரு பக்கம், எடை தூக்குதல் மறுபக்கம் என்று பிரிந்து கிடந்த இரண்டையும் இவர்கள் ஒரே மணி நேரத்துக்குள் சேர்த்தார்கள். கையில் டம்பெல்லோடு நடனம், உடனே பஸ்கி, உடனே உயரமான பெட்டிமேல் ஒற்றைக் காலால் ஏறி இறங்குதல். அந்தப் பெட்டி சுமார் 14 அங்குல உயரம். அதன்மேல் ஒரு காலை ஊன்றி, கையில் எடையோடு மெதுவாக எழுந்து மெதுவாக இறங்குவது இந்த வரிசையின் முத்திரை. முதல் பதிவை நடத்திய சூசன் ஹாரிஸின் பேச்சில் தென் மாநிலச் சாயலும் மரியாதையும் கலந்திருக்கும். அவர் கத்துவதில்லை. மிகக் கடினமான ஒன்றைப் புன்னகையோடு, தணிந்த குரலில் சொல்லிச் செய்யவைப்பார். ஒளியமைப்பும், தூண்கள் நிற்கும் அரங்கும் பழைய மாளிகையை நினைவூட்டின. பெண்கள் கனமான எடை தூக்கினால் ஆண்போல் ஆகிவிடுவார்கள் என்ற அச்சத்தை உடைத்ததில் இந்த வரிசைக்குப் பெரும்பங்கு உண்டு.

அசையாமை தந்த கடினத்தை காலன் பிங்க்னி காட்டினார். 1980களின் நடுவில் புத்தகமாகவும் பிறகு வீடியோவாகவும் வந்த 'காலனெட்டிக்ஸ்' பயிற்சியில் குதித்தலே கிடையாது. காலை ஓர் உயரத்தில் நிறுத்தி, அரை அங்குலம் மேலும் கீழுமாக நூறு முறை அசைக்க வேண்டும். பார்ப்பதற்கு ஒன்றுமில்லை, செய்து பார்த்தால் இடுப்புத் தசை கெஞ்சும். இதற்கு முன்னோடி, லண்டனில் 1959இல் தமது கூடத்தைத் திறந்த நடனக் கலைஞர் லோட்டே பெர்க். பாலே கம்பியைப் பிடித்துச் செய்யும் இன்றைய 'பார்' வகுப்புகள் அவர் வழி வந்தவை.

இதற்கிடையே 1980களின் ஏரோபிக்ஸ் தன் விலையைக் கேட்கத் தொடங்கியது. கெட்டியான தரையில் வெறுங்காலோடு நாள்தோறும் குதித்ததால் கீழ்க்கால் எலும்பு வலி, முழங்கால் தேய்வு, கணுக்கால் சுளுக்கு என்று பயிற்றுநர்களே முதலில் விழுந்தார்கள். தொழில் தன்னைத் திருத்திக்கொண்ட விதம் கவனத்துக்குரியது. ரீபாக் நிறுவனம் 1982இல் பெண்களின் ஏரோபிக்ஸுக்கென்றே 'ஃப்ரீஸ்டைல்' காலணியை வெளியிட்டது. பயிற்றுநர்களுக்குச் சங்கமும், பின்னர் தகுதிச் சான்றிதழும் வந்தன. ஒரு கால் எப்போதும் தரையில் இருக்கும் அதிர்வு குறைந்த முறையை ஃபோண்டாவே 1986இல் தனிக் கேசட்டாக வெளியிட்டார்.

அதே தேவையிலிருந்து பிறந்ததுதான் ஸ்டெப். முழங்கால் காயத்திலிருந்து மீள, ஜின் மில்லர் என்ற பயிற்றுநர் பெட்டி ஒன்றின்மேல் ஏறி இறங்கிப் பழகினார். அதற்கு இசையும் காலடி வரிசையும் சேர்த்தார். 1989இல் ரீபாக் அதை ஏற்று, உயரத்தைக் கூட்டவும் குறைக்கவும் முடிந்த பலகையோடு சந்தைக்குக் கொண்டுவந்தது. குதிக்காமலே மூச்சு வாங்கவைக்கும் வழி அது. பலகையை ஒரு படி உயர்த்தினால் அதே வீடியோ கடினமாகிவிடும்; பழகிப்போகும் பதிவுக்கு அது நல்ல மருந்து.

ஸ்டெப் வீடியோவில்தான் பயிற்றுநரின் கைத்திறன் முழுமையாக வெளிப்பட்டது. இசை நிமிடத்துக்கு ஏறத்தாழ 120 தட்டுகளில் ஓடும். காலடிகள் எட்டு எட்டாக எண்ணப்பட்டு, நான்கு எட்டுகள் சேர்ந்து முப்பத்திரண்டு தட்டுகளில் ஒரு சுற்று முடியும். அடுத்த அடியின் பெயரை, தற்போதைய எட்டின் கடைசி நான்கு தட்டுகளுக்குள் பயிற்றுநர் சொல்லிவிட வேண்டும். ஒரு தட்டு தாமதித்தால் வீட்டில் நிற்பவர் தவறான காலில் இறங்குவார். முன்கூட்டிச் சொன்னால் அவசரப்பட்டு மாறிவிடுவார். கேமராவைப் பார்த்து நிற்கும் பயிற்றுநர் மாணவரிடம் "வலது கால்" என்று சொல்லும்போது தாம் இடது காலை எடுக்க வேண்டும். மூச்சு வாங்கும்போதும் குரல் உடையக் கூடாது. இவை அனைத்தையும் ஒரு மணி நேரம் பிசகாமல் செய்வது, தாளம் தவறாமல் ஆடிக்கொண்டே ஜதி சொல்வதைப் போன்ற திறமை.

இதில் மிக உயர்ந்த இடம் நியூ ஜெர்சியின் கேத்தி ஃபிரீட்ரிக்குக்கு உரியது. 1980களின் இறுதியிலிருந்து வீடியோக்களை வெளியிட்டுவரும் அவர், சினிமா நட்சத்திரமோ தொலைக்காட்சி முகமோ அல்ல. தேர்ந்தவர்களுக்கான பயிற்சி என்பதே அவருடைய அடையாளம். ஸ்டெப் பலகைமேல் வேகமான சுற்றுகளுக்கு நடுவே உச்சக்கட்ட முயற்சிகளைப் புகுத்தும் 'ஐமேக்ஸ்', மாதக்கணக்கில் எடைகளைக் கணக்கிட்டு ஏற்றும் 'எஸ்டிஎஸ்' போன்றவை வீட்டுப் பயிற்சியை விளையாட்டு வீரரின் பயிற்சிக்கு நிகராக்கின. ஆனால் அவர் மிரட்டியதே இல்லை. அடுத்து வருவது கடினம் என்று நேர்மையாகச் சொல்வார், தாமும் களைத்திருப்பதை மறைக்கமாட்டார், எண்ணிக்கையில் ஏமாற்றமாட்டார். "இன்னும் நான்கு" என்றால் நான்குதான். பார்க்க முடியாத மாணவரின் நம்பிக்கையைக் காப்பதற்கு இதைவிடச் சிறந்த வழியில்லை. அவருடைய வீடியோக்களை இருபது ஆண்டுகளாகத் திரும்பத் திரும்பச் செய்பவர்கள் இருப்பதற்கு இதுவே காரணமாக இருக்க வேண்டும்.

நினைவைச் சோதிக்கும் கடினத்தை 'சிஐஏ' என்று அழைக்கப்பட்ட கிரியேட்டிவ் இன்ஸ்ட்ரக்டர்ஸ் ஏரோபிக்ஸ் வரிசை அதன் எல்லைவரை கொண்டுசென்றது. பயிற்றுநர்கள் பார்த்துக் கற்பதற்காக எடுக்கப்பட்ட இந்தக் கேசட்டுகளைப் பொதுமக்களும் தேடி வாங்கினார்கள். அதில் கற்பித்த கிறிஸ்டி டெய்லர் போன்றோரின் காலடி வரிசையை ஒரே நாளில் கற்க இயலாது; நான்கு, ஐந்து முறை ரீவைண்ட் செய்து பார்த்தே பிடிபடும். பிடிபட்ட நாளின் மகிழ்ச்சிக்காகவே அதைத் தேடியவர்கள் உண்டு.

இத்தனை கேசட்டுகளில் எது தமக்கு ஏற்றது என்று வாங்குபவர் எப்படித் தெரிந்துகொள்வது? மினசோட்டாவின் 'கொலாஜ் வீடியோ' நிறுவனம் இதற்கென்றே அஞ்சல்வழி விற்பனைப் பட்டியல் ஒன்றை அச்சிட்டது. கேசட்டின் கடின அளவு, அசைவுகளின் வகை, பயிற்றுநரின் இயல்பு ஆகியவை அதில் குறிக்கப்பட்டிருந்தன. பயிற்றுநரின் குணம் பயிற்சியின் பொருளடக்கத்துக்கு இணையாக எடைபோடப்பட்டது என்பதற்கு அது சான்று.

எல்லாரும் கடினத்தை நாடவில்லை. நியூ ஆர்லியன்ஸில் பருத்த பிள்ளையாக வளர்ந்த ரிச்சர்ட் சிம்மன்ஸ், 1974இல் பெவர்லி ஹில்ஸில் எல்லா உடம்புகளையும் வரவேற்கும் கூடத்தைத் திறந்தவர். 1988இல் வந்த 'ஸ்வெட்டின் டு தி ஓல்டீஸ்' வீடியோவில் அவருக்குப் பின்னால் ஆடியவர்கள் பல அளவிலும் வயதிலும் இருந்த சாதாரண மனிதர்கள். பளபளக்கும் அரைக்கால் சட்டையோடு துள்ளி, அழுது, சிரித்து, அவர்களைக் கட்டிக்கொண்டார். பார்த்தவர்கள் தம்மைப்போன்ற ஒருவரைத் திரையில் கண்டார்கள். 2024இல் அவர் மறைந்தபோது அந்த அன்பைத்தான் பலரும் நினைவுகூர்ந்தனர்.

1984இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் விளம்பர நேரத்துக்கு இருந்த வரம்பு நீக்கப்பட்டது. அரைமணி நேரம் முழுக்க ஒரே பொருளை விற்கும் நிகழ்ச்சிகள் அதனால் முளைத்தன. உடற்பயிற்சி வீடியோவுக்கு அது சரியான சந்தை. பில்லி பிளாங்ஸ் இந்த வழியில் 1998ஐ ஒட்டி நாடறிந்தவரானார். பென்சில்வேனியாவின் ஈரி நகரில் பதினைந்து பிள்ளைகளில் ஒருவராகப் பிறந்து, வாசிப்புக் குறைபாட்டோடும் இடுப்பு மூட்டுச் சிக்கலோடும் வளர்ந்து, கராத்தே வாகைசூடியவர் அவர். டேக்வாண்டோவையும் குத்துச்சண்டையையும் இசையில் கலந்த 'டே போ' பயிற்சியில் நூற்றுக்கணக்கான உதைகளும் குத்துகளும் உண்டு. எட்டு முடிந்ததும் இன்னொரு எட்டு வரும். அதுவும் முடிந்ததும் கூட்டத்தினூடே நடந்துபோய் மேலும் எட்டு கேட்பார். அவருடைய பேச்சில் தேவாலயப் பிரசங்கத்தின் ஏற்ற இறக்கம் இருந்தது. வெற்றிடத்தில் வேகமாகக் குத்தி மூட்டைச் சட்டென நீட்டினால் காயம் வரும் என்று பிற பயிற்றுநர்கள் எச்சரித்ததும் உண்டு.

யோகாவும் இதே பத்தாண்டில் கடினமாயிற்று. 1993இல் பட்டாபி ஜோயிஸ் அமெரிக்க மாணவர்களுக்கு அஷ்டாங்க யோகத்தின் முதல் வரிசையை நடத்தியது வீடியோவாக வந்தது. பிரையன் கெஸ்ட் போன்றோர் அஷ்டாங்கத்திலிருந்து 'பவர் யோகா'வை உருவாக்கினர். இந்த மரபின் வேர் 1930களில் மைசூர் அரண்மனையில் கற்பித்த திருமலை கிருஷ்ணமாச்சாரியாரிடம் இருக்கிறது. பிற்காலத்தில் சென்னையில் வாழ்ந்து 1989இல் மறைந்த அவர், முதிய வயதில் கற்பித்தது ஒவ்வொருவர் உடலுக்கும் ஏற்ப மாற்றிய மென்மையான முறையை. வீடியோவில் உலகம் வாங்கியதோ மைசூரின் இளைஞர்களுக்கு அவர் வகுத்த வேகமான முறையை. நேரில் பார்த்துத் திருத்தித் தருவதைப் பதிவு செய்ய முடியாது. எல்லாருக்கும் ஒரே வரிசை என்பதைப் பதிவு செய்யலாம்.

1998இல் கார்ல் டைக்லரும் ஜான் காங்டனும் கலிபோர்னியாவில் தொடங்கிய 'பீச்பாடி' நிறுவனம், தனி வீடியோவுக்குப் பதிலாக நாள் கணக்கிட்ட திட்டத்தை விற்றது. 2005ஐ ஒட்டி வெளிவந்த 'பி90எக்ஸ்' பன்னிரண்டு டிவிடிகளும், 90 நாள் அட்டவணையும், உணவு வழிகாட்டியும் கொண்டது. தண்டால், பார் பிடித்து எழும்புதல், தாவிக் குதித்தல், ஒன்றரை மணி நேர யோகா என்று வாரம் முழுக்க மாறி மாறி வரும். சில வாரங்களுக்கு ஒருமுறை மீட்சி வாரம் உண்டு. உடம்பு பழகிவிடாமல் பயிற்சியை மாற்றிக்கொண்டே இருப்பதுதான் அதன் விளம்பர வாக்குறுதி. பழகிப்போதல் என்ற பழைய சிக்கலை அது நேராகவே எதிர்கொண்டது. அதை நடத்திய, நாற்பதுகளின் நடுவில் இருந்த டோனி ஹார்ட்டன், முன்பு நகைச்சுவை மேடையில் ஏறியவர். உடன் செய்பவர்களைக் கிண்டல் செய்வார், குரல் மாற்றிப் பேசுவார், சம்பந்தமில்லாத கதை சொல்வார். சிலருக்கு அது எரிச்சல். ஆனால் ஒரே டிவிடியை மூன்று மாதம் பார்க்க வேண்டியவருக்கு அந்தப் பேச்சு பழகிய நண்பரின் பேச்சாகிவிடும். முடிந்தவரை செய், மீதியை விட்டுவிடு என்பது அவர் திரும்பத் திரும்பச் சொன்னது.

2009இல் அதே நிறுவனம் வெளியிட்ட 'இன்சானிட்டி', கருவியே இல்லாமல் 60 நாள் நடத்தப்படும் திட்டம். வழக்கமாகக் கடின உழைப்பு சில நொடியும் ஓய்வு அதைவிட நீளமாகவும் இருக்கும். இந்தத் திட்டத்தை நடத்திய ஷான் டி அதைத் தலைகீழாக்கினார்: சுமார் மூன்று நிமிடம் முழு வேகம், அரை நிமிடம் ஓய்வு. அதில் மறக்க முடியாதது, உடன் செய்யும் கட்டுடல் வீரர்கள் தரையில் சாய்வதும், ஷான் டியே நின்று மூச்சு வாங்குவதும் வெட்டப்படாமல் இருப்பது. திரையிலிருப்பவர் களைக்கவே மாட்டார் என்ற பழைய பாவனையை அது கைவிட்டது. நிற்பது தோல்வியல்ல, நின்று மீண்டும் தொடங்குவதே பயிற்சி என்பது சொல்லாமலே புரிந்தது.

ஜிலியன் மைக்கேல்ஸ் வேறு வகை. எடை குறைப்புப் போட்டி நிகழ்ச்சி ஒன்றில் அதட்டிப் புகழ்பெற்ற அவர், 2008இல் '30 டே ஷ்ரெட்' டிவிடியை வெளியிட்டார். மூன்று நிமிடம் தசைப் பயிற்சி, இரண்டு நிமிடம் இதயப் பயிற்சி, ஒரு நிமிடம் வயிற்றுப் பயிற்சி என மூன்று சுற்று. நேரம் அரைமணிக்குள் அடங்கும். சாக்குப்போக்குகளை அவர் ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லி மறுப்பார். அவருக்கு ஒரு புறம் எளிய வடிவத்தைச் செய்பவர், மறுபுறம் கடின வடிவத்தைச் செய்பவர் நிற்பார்கள். ஒரே பதிவில் பல நிலைகளை அடக்கும் இந்த ஏற்பாடு இன்று ஏறக்குறைய எல்லா வீடியோவிலும் இருக்கிறது. அதட்டல் எல்லாருக்கும் பொருந்தாது. அடுத்தவர் அதட்டினால்தான் எழுந்திருப்பவர்களும் உண்டு.

குறுகிய நேரக் கடினப் பயிற்சிக்கு ஆதாரமாக அடிக்கடி காட்டப்பட்டது இசுமி தபாடாவின் 1996ஆம் ஆண்டு ஆய்வு. ஜப்பானின் பனிச்சறுக்கு விரைவோட்ட அணியின் பயிற்சி முறையைச் சோதித்த அது, 20 நொடி உழைப்பு, 10 நொடி ஓய்வு என ஏழெட்டு முறை செய்வதன் பலனைக் காட்டியது. ஆய்வில் இருந்தவர்கள் எந்திர மிதிவண்டியில் தம் உச்ச ஆற்றலுக்கும் மேலே சென்றார்கள். வீடியோக்களில் தபாடா பெயரில் வருவது பெரும்பாலும் அந்த நேரப் பகுப்பை மட்டும் எடுத்துக்கொண்டது.

2005இல் தொடங்கிய யூடியூப் கேசட்டையும் டிவிடியையும் தேவையற்றவையாக்கியது. அமெரிக்கத் தம்பதி கெல்லியும் டேனியல் செகார்ஸும் நடத்திய 'ஃபிட்னஸ் பிளெண்டர்', வெறும் வெள்ளைப் பின்னணியில், ஒருவர் செய்ய மற்றவர் விளக்கம் சொல்ல, ஒவ்வொரு வீடியோவுக்கும் ஒன்றிலிருந்து ஐந்துவரை கடின எண் கொடுத்தது. ஆஸ்டினின் ஏட்ரியன் மிஷ்லர் 2012 முதல் எதையும் வற்புறுத்தாத யோகா வீடியோக்களால் பெரும் கூட்டத்தைச் சேர்த்தார். நியூயார்க்கின் பெலட்டான் நிறுவனம் நேரலை மிதிவண்டி வகுப்பில் மாணவரின் வேகத்தையும் பெயரையும் பயிற்றுநரின் திரைக்குக் கொண்டுவந்தது. மாணவரை எண்களாகவேனும் பார்க்க முடிந்தது அப்போதுதான்.

2020 மார்ச் 23 அன்று, கொரோனா ஊரடங்கில் பள்ளிகள் மூடிய பிரிட்டனில், பயிற்றுநர் ஜோ விக்ஸ் தம் வீட்டு வரவேற்பறையிலிருந்து காலை 9 மணிக்குக் குழந்தைகளுக்கு நேரலைப் பாடம் தொடங்கினார். மறுநாள் நேரலையில் ஒரே நேரத்தில் 9,55,185 திரைகள் இணைந்தது கின்னஸ் சாதனையாயிற்று. காலையில் குழந்தைகளைப் பிடித்து, அவர்கள் வழியே பெற்றோரை எழுப்பிய லலேனின் உத்தி எழுபதாண்டு கழித்தும் பலித்தது.

அதே காலத்தில் பேசாத பயிற்றுநர்கள் எழுந்தார்கள். ஜெர்மனியின் பமேலா ரைஃப், வட அயர்லாந்தின் கேரலின் கர்வன் போன்றோரின் வீடியோக்களில் இசையும், ஓரத்தில் ஓடும் கடிகாரமும், அடுத்து வரும் அசைவின் சிறு படமும் மட்டுமே. கர்வனின் 'எபிக்' வரிசை தேர்ந்தவர்களையும் திணறவைப்பது; அதில் ஊக்குவிக்கும் சொல் ஒன்றுகூட இல்லை. அவருடைய கை நடுங்குவதும் முகம் இறுகுவதும்தான் பேச்சு. மொழி தேவையில்லாததால் எந்த நாட்டிலும் அது செல்லும். ஆனால் முதுகை எப்படி வைப்பது, முழங்கால் எங்கே நிற்க வேண்டும் என்ற திருத்தமும் சொல்லோடு போய்விட்டது. ஏற்கெனவே கற்றவருக்கே அது பாதுகாப்பானது. புதியவர் முதலில் பேசும் பயிற்றுநரிடம் சில மாதம் பழகுவது நல்லது.

ஊரடங்கு விலகியதும் கூடங்கள் திறந்தன. வீட்டுப் பயிற்சிச் சந்தை சுருங்கியது. கண்ணாடி வடிவத் திரையில் பயிற்றுநரைக் காட்டிய 'மிரர்' நிறுவனத்தை 2020இல் 50 கோடி டாலருக்கு வாங்கிய லுலுலெமன், 2023இல் அதன் விற்பனையை நிறுத்தியது. பீச்பாடி, தன் திட்டங்களை விற்றுவந்த முகவர் வலையமைப்பைக் கைவிடுவதாக 2024இல் அறிவித்தது. பயிற்றுநர்களோ நிறுவனங்களை விட்டுத் தனி வழி கண்டார்கள். கேத்தி ஃபிரீட்ரிக் தம் பழைய ஸ்டெப் வீடியோக்களையும் புதியவற்றையும் சொந்த ஸ்ட்ரீமிங் தளத்தில் மாதச் சந்தாவுக்குத் தருகிறார். ஜிலியன் மைக்கேல்ஸ், கேரலின் கர்வன் ஆகியோருக்கும் தனிச் செயலிகள் உண்டு.